நெட் ஒயரைப் பிடுங்கிட்டு சுவிட்சைப் போடுங்க

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அந்த வாரத்தைப் பத்தி சென்னையில இருந்த எல்லார்கிட்டயும் ஒரு கதை இருக்கும். வெள்ளானூர்ல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரல. ஆனா பாட்டி ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்து, நடையில இருட்டுல தடுக்கி விழுந்தாங்க. நல்லவேளை, எலும்பு முறியல. மணிக்கட்டு மட்டும் வீங்கி ரெண்டு வாரம் கட்டோட இருந்தாங்க.

அவங்க விழுந்தப்போ வீட்டுல கரண்ட் இருந்துச்சு. எனக்கு அதுதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

2021-ல வீட்டுக்கு பெயின்ட் அடிச்சப்போ அப்பா ஆசையா ஸ்மார்ட் சுவிட்ச் செட் ஒண்ணு வாங்கினார். போர்டுக்குப் பின்னாடி வைக்கிற நாலு மாட்யூல், மூணு பிளக், ஒரு மோஷன் சென்சார். கம்பெனி பேர் வேண்டாம், விடுங்க. பாட்டி ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல இருக்கற நடையில அந்த சென்சாரை மாட்டினோம். பாட்டி கால் வெச்சா லைட் எரியும், ரெண்டு நிமிஷத்துல தானா அணையும். சூப்பரா வேலை செஞ்சுது. எவ்வளவு சூப்பர்னா, அந்த நடையோட சுவிட்ச் போர்டு முன்னாடி நாங்களே ஒரு பீரோவை நகர்த்தி வெச்சுட்டோம். யார் இனிமே சுவிட்ச் போடப் போறா?

புயல் அன்னிக்கு கரண்ட் போச்சு, ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. பிராட்பேண்ட் வரல. மொபைல் சிக்னலும் ஒரு கோடு, அரைக் கோடுதான். ஃபேன் ஓடுது, ஃபிரிட்ஜ் ஓடுது, டியூப்லைட் எரியுது. நடை லைட் மட்டும் எரியல. ஏன்னு அப்போ எனக்கே புரியல. நான் ஈ.சி.ஈ. ரெண்டாவது வருஷம் வேற.

அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். சென்சாருக்கும் லைட்டுக்கும் நடுவுல ஆறடி தூரம். ஆனா சென்சார் நேரா லைட்கிட்ட பேசறதே இல்ல. "இங்க யாரோ நடக்கறாங்க"ன்னு ரௌட்டர்கிட்ட சொல்லும். ரௌட்டர் அதைக் கம்பெனி சர்வருக்கு அனுப்பும். அந்த சர்வர் எந்த நாட்டுல இருக்கோ தெரியாது. அது யோசிச்சு, "சரி, லைட்டைப் போடு"ன்னு திருப்பி அனுப்பும். அது ரௌட்டர் வழியா வந்து மாட்யூலைத் தட்டும். எல்லாம் ஒரு விநாடிக்குள்ள முடியறதால நமக்குத் தெரியாது. ஆறடி தூரத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம். அந்தப் பாதையில எங்க ஒரு இடத்துல அறுந்தாலும் பாட்டிக்கு இருட்டு.

ஒரு மெயில் வந்துச்சு

அப்பவே மாத்தியிருக்கணும். மாத்தல. நெட் திரும்ப வந்துச்சு, லைட் எரிஞ்சுது, மறந்துட்டோம். பீரோ கூட அதே இடத்துல.

2025 ஆரம்பத்துல ஒரு மெயில். நல்ல இங்கிலீஷ்ல, ரொம்ப மரியாதையா. நீங்க வாங்கின மாடலுக்கான சேவை முடிவுக்கு வருது, உங்க ஷெட்யூல்களும் ஆட்டோமேஷன்களும் இனி புது ஆப்ல மட்டும்தான், அதுல சிலதுக்கு மாசச் சந்தா உண்டு, பழைய மாடல் வெச்சிருக்கறவங்களுக்குப் புது மாடல்ல தள்ளுபடி. அம்மாவுக்கு தமிழ்ல சொன்னேன். அம்மா கேட்ட கேள்வி: "கரண்ட் பில் நாம கட்டறோம், லைட்டை அவன் போடுவானா?"

கஸ்டமர் கேர்ல பேசினேன். அவங்க பொய் சொல்லல, ஏமாத்தல. நாங்க ஓகே அழுத்தின நிபந்தனைகள்லயே எல்லாம் இருக்குன்னு சொன்னாங்க. படிச்சுப் பார்த்தேன், இருந்துச்சு. நாங்க சுவிட்ச் வாங்கினோம்னு நினைச்சோம். அவங்க வித்தது ஒரு சேவை. பொருள் மட்டும் நம்ம சுவத்துல இருக்கும், அதோட மூளை அவங்ககிட்ட இருக்கும். என்னிக்கு வேணா நிறுத்தலாம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்த சோகம்னு நினைச்சேன். தேடிப் பார்த்தா உலகம் முழுக்க இதே கதை.

ரிவால்வ்னு ஒரு ஹப் இருந்துச்சு. சுமார் 300 டாலர். 2014-ல அந்தக் கம்பெனியை கூகுளோட நெஸ்ட் வாங்கிச்சு. 2016 மே 15-ம் தேதி சர்வரை மூடினாங்க. "வாழ்நாள் சேவை"ன்னு சொல்லி வித்த பொருள், அன்னிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா ஆச்சு. யாரோட வாழ்நாள்னு வாங்கினப்போ யாரும் கேட்கல.

விங்க்னு இன்னொண்ணு. 2020 மே மாசம், கோவிட் நேரத்துல, ஒரே வாரம் டைம் கொடுத்து "இனி மாசம் 4.99 டாலர் கட்டுங்க, இல்லாட்டி ஆப் வேலை செய்யாது"ன்னு அறிவிச்சாங்க. ஆளுங்க கத்தினதால தேதியைத் தள்ளி வெச்சாங்களே தவிர, சந்தா வந்துச்சு.

இன்ஸ்டியான் கதை இன்னும் மோசம். 2022 ஏப்ரல் நடுவுல ஒருநாள் சர்வர் எல்லாம் நின்னுபோச்சு. மெயில் கூட இல்ல. என்னமோ கோளாறுன்னு நினைச்சு சிலர் ஹப்பை ஃபேக்டரி ரீசெட் பண்ணாங்க. ரீசெட் பண்ணினா மறுபடி செட் பண்ண அதே சர்வர் வேணும்! ஒண்ணும் பண்ணாம விட்டவங்களைவிட, சரி பண்ணப் பார்த்தவங்க அதிகம் இழந்தாங்க. அந்த வருஷம் ஜூன்ல அதைப் பயன்படுத்தினவங்கள்ல சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி சர்வரைத் திரும்ப ஓட்டினாங்க. அது நல்ல முடிவுதான், ஆனா எல்லாருக்கும் அப்படி நடக்காது.

கம்பெனி நல்லா இருந்தாலும் இதே நிலைமை வரலாம். போன தீபாவளி ஞாபகம் இருக்கா, 2025 அக்டோபர் 20? அன்னிக்கு மதியம் நாம வடை சாப்பிட்டுட்டு இருந்தப்போ, அமெரிக்காவுல வடக்கு வர்ஜீனியால இருக்கற அமேசான் கிளவுட் படுத்துச்சு. அலெக்ஸா, ரிங் கேமரா எல்லாம் தடுமாறிச்சு. எய்ட் ஸ்லீப்னு ஒரு ஸ்மார்ட் மெத்தை, லட்சக்கணக்குல விலை. அதுல படுத்திருந்தவங்களால சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ முடியல. மெத்தைக்கு எதுக்குங்க வர்ஜீனியா?

நம்ம பிராஜெக்ட்டும் அப்படித்தான்

சிரிக்கறதுக்கு முன்னாடி நம்ம லேபைப் பாருங்க. "ஐ.ஓ.டி. மூலம் வீட்டுத் தானியங்கி"ங்கற தலைப்புல ஒரு பிராஜெக்ட் இல்லாத டிபார்ட்மென்ட் இருக்கா? நோட்எம்சியு ஒண்ணு, நாலு சேனல் ரிலே ஒண்ணு, போன்ல பிளிங்க் ஆப். நம்ம சீனியர்கள் எத்தனை பேர் அதை வெச்சு பாஸ் ஆனாங்கன்னு கணக்கு இல்ல. அந்தப் பழைய பிளிங்க்கோட சர்வர்கள் 2022 முடிவோட மூடப்பட்டுச்சு. புது பிளிங்க்குக்கு பழைய கோடை மாத்தி எழுதணும். நம்ம லைப்ரரில அடுக்கி வெச்சிருக்கற ரிப்போர்ட்ல பாதியை இன்னிக்கு எடுத்து அப்படியே அப்லோட் பண்ணினா ஓடாது. ரிலே கெட்டுப் போகல, சிப் கெட்டுப் போகல. எதிர்முனையில ஆள் இல்ல, அவ்வளவுதான்.

பெரிய கம்பெனியா பார்த்துப் பிடிச்சா பாதுகாப்புன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கூகுள் கிளவுட் ஐ.ஓ.டி. கோர்னு ஒரு சேவை, தொழிற்சாலைகளுக்கே போட்டது. 2022 ஆகஸ்ட்ல மூடப் போறோம்னு சொன்னாங்க, 2023 ஆகஸ்ட் 16-ல மூடிட்டாங்க. ஒரு வருஷம் டைம் கொடுத்தாங்க, அது நியாயம். ஆனா கூகுளே மூடும்னா யாரும் மூடலாம்.

பழைய பிளிங்க்ல ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு. அதோட சர்வர் மென்பொருள் ஓபன் சோர்ஸா வெளிய இருந்துச்சு. தங்களோட கம்ப்யூட்டர்லயே அதை ஓட்டினவங்களுக்குக் கம்பெனி சர்வர் மூடினது ஒரு பிரச்சனையே இல்ல. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும்தான் நான் முடிவு பண்ணேன்: இன்னொரு கம்பெனிக்கு மாறக்கூடாது, மூளையை வீட்டுக்குள்ள கொண்டு வரணும்.

மாறினேன்

ஹோம் அசிஸ்டன்ட். 2013-ல பாலஸ் ஸ்கௌட்சன்னு ஒருத்தர் தன் வீட்டுக்காக எழுத ஆரம்பிச்ச மென்பொருள். ஓபன் சோர்ஸ். 2024 ஏப்ரல்ல அதை ஓபன் ஹோம் ஃபவுண்டேஷன்னு ஒரு லாப நோக்கில்லாத அமைப்புகிட்ட ஒப்படைச்சுட்டாங்க, நாளைக்கு எந்தக் கம்பெனியும் வாங்கி மூடிடக் கூடாதுன்னு. இதை வீட்டுக்குள்ளயே ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல ஓட்டலாம். என்கிட்ட ஒரு பழைய ராஸ்பெர்ரி பை டிராயர்ல தூங்கிட்டு இருந்துச்சு. எழுப்பினேன்.

நாலு மாட்யூலையும் கழட்டிப் பார்த்தேன். ரெண்டுல இ.எஸ்.பி.8266 சிப். நம்ம நோட்எம்சியுல இருக்கற அதே சிப்தான்! டாஸ்மோட்டான்னு ஒரு இலவச ஃபர்ம்வேர் இருக்கு, அதை ஏத்தினா கம்பெனி சர்வரை மறந்துடும், வீட்டுக்குள்ளயே எம்.க்யூ.டி.டி.ல பேசும். (எம்.க்யூ.டி.டி. 1999-ல எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க, சேட்டிலைட் லிங்க் மோசமா இருந்தாலும் வேலை செய்யணும்னு எழுதின முறை. மழைக்காலத்து ஆவடி நெட்டுக்கு இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்?) மத்த ரெண்டுல வேற சிப், அதைத் தூக்கிப் போட்டு வேற வாங்கினேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சாயங்காலம் சுத்தினதுல ஜிக்பீ டாங்கிள், ஜிக்பீ மோஷன் சென்சார், ரிலே எல்லாம் கிடைச்சுது. மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம் ஆச்சு. அப்பா தந்தார், கொஞ்சம் முறைச்சுட்டுத் தந்தார்.

செய்யப் போறவங்களுக்கு ஒரு விஷயம். ஃபர்ம்வேர் ஏத்தும்போது மாட்யூல்ல 230 வோல்ட் இருக்கவே கூடாது. நிறைய மாட்யூல்ல சிப்போட கிரவுண்டும் மெயின்ஸும் தனியா பிரிஞ்சு இருக்காது. லேப்டாப்போட சேர்த்து நீங்களும் போயிடுவீங்க. போர்டிலிருந்து கழட்டி, டேபிள்ல வெச்சு, 3.3 வோல்ட் மட்டும் கொடுத்து ஏத்துங்க.

ரெண்டு வார இறுதி போச்சு. கடைசியில ரௌட்டருக்கு வர்ற நெட் ஒயரைப் பிடுங்கிட்டு பாட்டியை நடக்கச் சொன்னேன். லைட் எரிஞ்சுது. நான் குதிச்சேன். பாட்டி பாத்ரூம் போயிட்டு வந்து படுத்துட்டாங்க.

இங்கயே முடிச்சிருந்தா இது ஒரு வெற்றிக் கதை. யூடியூப்ல இந்த மாதிரி வீடியோ எல்லாம் இங்கதான் முடியும்.

இப்ப சர்வர் நான்தான்

நாலு மாசம் கழிச்சு ஹேக்கத்தானுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா போன். "நடை லைட்டு எரியல. பாட்டி ரூம் கதவைத் தொறந்து ஹால் லைட்டைப் போட்டு வெச்சிருக்கேன். என்ன பண்ணணும் சொல்லு."

சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கு. பையோட மெமரி கார்டு கரப்ட். திடீர்னு பவர் போனா எஸ்.டி. கார்டு கெடும்னு எனக்கு நல்லாத் தெரியும், பரீட்சைல எழுதச் சொன்னா எழுதுவேன். வீட்டுல ஒரு சின்ன யு.பி.எஸ். போட மட்டும் தோணல. போன்ல அம்மாவுக்கு என்ன சொல்றது? "அம்மா, அந்தக் கார்டை எடுத்து லேப்டாப்ல போட்டு இமேஜ் எழுதுங்க"ன்னா? லேப்டாப்பே என்கிட்ட இருந்துச்சு.

ஊருக்கு வந்து சரி பண்ணிட்டேன். அப்போ அம்மா சண்டை போடாம, சாதாரணமா, காய் நறுக்கிக்கிட்டே கேட்டாங்க: "ஜூலைல நீ பெங்களூரு போயிட்டா இத யாருடி பாக்குறது?"

பதில் இல்ல என்கிட்ட. முன்னாடி கம்பெனி இருந்துச்சு, திட்டறதுக்கு ஒரு நம்பராவது இருந்துச்சு. இப்ப அந்த இடத்துல நான் உட்கார்ந்திருக்கேன். வேலை கிடைச்சு ஊரை விட்டுப் போனா, நானும் சேவையை நிறுத்தற கம்பெனிதான். ஒரு வருத்த மெயில் அனுப்புவேன், அவ்வளவு வித்தியாசம்.

மாடிப்படி லைட்டு

எங்க வீட்டுக்கு ஒயரிங் பண்ணின எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஆவடிக்காரர். நான் ஒரு மணி நேரம் படம் போட்டு ஜிக்பீ, எம்.க்யூ.டி.டி. எல்லாம் விளக்கினேன். பொறுமையா கேட்டார். அப்புறம், "பாட்டி நடந்தா லைட்டு எரியணும். அவ்வளவுதானம்மா?" அவ்வளவுதான்.

ஆவடி மார்க்கெட் பக்கம் எலக்ட்ரிக்கல் கடையில இருந்து ஒரு சென்சார் வாங்கிட்டு வந்தார். அபார்ட்மென்ட் படிக்கட்டுல எல்லாம் மாட்டியிருப்பாங்களே, அது. வைஃபை கிடையாது, ஆப் கிடையாது. ஃபேஸும் நியூட்ரலும் உள்ள போகும், லைட்டுக்கு ஒரு ஒயர் வெளிய வரும். எத்தனை நேரம் எரியணும்னு திருகி வைக்க ஒரு குமிழ். நானூறு ரூபாய்க்குள்ள. இருபது நிமிஷத்துல மாட்டினார். கரண்ட் இருக்கற வரைக்கும் அது எரியும். ரௌட்டர், பை, நான், எதுவும் தேவையில்ல.

எனக்குக் கொஞ்சம் அவமானமாத்தான் இருந்துச்சு. நாலு வருஷப் படிப்பு.

"மத்த லைட்டெல்லாம்?"னு கேட்டேன். அதுங்களுக்கு ஆப் வேணும், ஷெட்யூல் வேணும், அப்பா வெளியூர்ல இருந்தா வாசல் லைட் போடணும். அதுக்கும் பதில் வெச்சிருந்தார். "மாடிப்படி லைட்டு எப்படிம்மா எரியுது? கீழ ஒரு சுவிட்சு, மேல ஒரு சுவிட்சு. எதைத் தட்டினாலும் மாறும். உன் ரிலேவை மேல் சுவிட்சா நெனச்சுக்க. டூ வே போட்டுடலாம்."

இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, அழகான விஷயம். ரிலேல மூணு முனை இருக்கு: காமன், என்.ஓ., என்.சி. டூ வே சுவிட்சுலயும் மூணு முனை. ஃபேஸை சுவத்து சுவிட்சோட காமன்ல கொடுக்கணும். சுவிட்சோட மத்த ரெண்டு முனையை ரிலேவோட என்.ஓ., என்.சி.ல கொடுக்கணும். ரிலேவோட காமன்ல இருந்து லைட். முடிஞ்சுது. ஆப்ல தட்டினாலும் லைட் மாறும், சுவத்துல தட்டினாலும் மாறும். முக்கியமா, மாட்யூல் எரிஞ்சே போனாலும் ரிலே என்.சி.ல அப்படியே நிக்கும், சுவத்து சுவிட்ச் சாதாரண சுவிட்ச் மாதிரி வேலை செய்யும்.

கடையில விக்கற நிறைய மாட்யூல் அப்படி இல்ல. அதுல சுவத்து சுவிட்ச் லைட்டுக்குப் போகாது, சிப்புக்குப் போகும். சிப் படிச்சு ரிலேவைத் தட்டும். சிப் செத்தா சுவிட்சும் சேர்ந்து சாகும். வெளிய பார்க்க ரெண்டும் ஒண்ணுதான்.

டூ வேல ஒரு தலைவலி உண்டு: ரிலே எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் லைட் எரியுதான்னு சொல்ல முடியாது, சுவிட்சோட நிலையும் தெரியணும். அதுக்கு லைட் லைன்ல ஒரு ஆப்டோகப்ளர் வெச்சு, கரண்ட் வருதான்னு சிப்பைப் பார்க்க வெச்சேன். ஜூனியர்களே, அது ஒரு நல்ல மினி பிராஜெக்ட், எடுத்துக்கோங்க. 230 வோல்ட் பக்கத்தை மட்டும் தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை வெச்சுப் பண்ணுங்க.

கடைசியா அந்த பீரோவை நகர்த்தினோம்.

என் கருத்து

ஸ்மார்ட் வீடு வேண்டாம்னு நான் சொல்ல வரல. எனக்கு இன்னமும் பிடிக்கும். மூட்டு வலி இருக்கறவங்களுக்கு, தனியா இருக்கற வயசானவங்களுக்கு இது பெரிய உதவி. அதனாலதான் கோவம் வருது. யாருக்கு உண்மையிலேயே தேவையோ அவங்கதான் இது நின்னா முதல்ல விழறாங்க.

நான் சொல்றது ஒரு வரிசையைப் பத்தி. அடியில ஒயரும் சுவிட்சும். அதுக்கு மேல வீட்டுக்குள்ள இருக்கற நெட்வொர்க். அதுக்கும் மேல இன்டர்நெட். மேல இருக்கறது விழுந்தா கீழ இருக்கறது நிக்கணும். நம்ம கையில விக்கறது எல்லாம் தலைகீழா இருக்கு: மேல இருக்கற சர்வர் விழுந்தா அடியில இருக்கற சுவிட்ச் வரைக்கும் விழுது.

அதனால "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி"ங்கற கேள்வியை விட்டுட்டேன். ஒரு கம்பெனி மேல நம்பிக்கை போச்சுன்னு இன்னொண்ணு மேல வெச்சா, அடுத்த மெயில் வர்ற வரைக்கும்தான். அதுக்குப் பதிலா மூணு சோதனை. நெட் ஒயரைப் பிடுங்கிட்டு சுவிட்சைப் போடுங்க. அப்புறம் ஹப்பை அணைச்சுட்டுப் போடுங்க. கடைசியா, இதெல்லாம் செட் பண்ணின ஆளை ஒரு வாரம் ஊருக்கு அனுப்பிட்டு வீட்டுல இருக்கறவங்களைப் போடச் சொல்லுங்க. மூணாவதுலதான் நான் ஃபெயில் ஆனேன். நம்மள மாதிரி ஆளுங்க நிறைய பேர் அதுலதான் ஃபெயில் ஆவோம்.

"எல்லாராலயும் ஹோம் அசிஸ்டன்ட் போட முடியுமா?"ன்னு கேட்பீங்க. முடியாது, தேவையும் இல்ல. மேட்டர்னு ஒரு பொது தரம் 2022 அக்டோபர்ல வந்துச்சு. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் சேர்ந்து ஒத்துக்கிட்டது. அந்த முத்திரை இருக்கற பொருள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளயே பேசும், ஒண்ணுக்கு மேற்பட்ட ஆப்ல சேர்க்கலாம். ஆப்பை மாத்தினா பொருளை மாத்த வேண்டாம். எல்லா வசதியும் அதுல கிடைக்கும்னு இல்ல, சிலது கம்பெனி ஆப்லதான் இருக்கும். இருந்தாலும் லைட் எரியறதுக்கு அது போதும்.

"கம்பெனிக்கும் சர்வர் ஓட்டச் செலவாகும்ல?" ஆகும். காசு கேட்கட்டும், தப்பில்ல. ஆனா வாங்கறப்பவே சொல்லணும். நம்ம ஊர் டப்பாவுல எம்.ஆர்.பி. இருக்கு, தயாரிச்ச மாசம் இருக்கு, கஸ்டமர் கேர் நம்பர் இருக்கு. எத்தனை வருஷம் இந்த சர்வர் ஓடும்னு ஒரு வரி நான் பார்த்ததில்ல. பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29-ல இருந்து, நெட்ல இணையற பொருளை விக்கறவங்க குறைஞ்சது எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம்னு சொல்லியே ஆகணும். நம்ம மத்திய அரசும் 2022 டிசம்பர்ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சுது. போன், டிராக்டர், ஃபிரிட்ஜ் பத்தியெல்லாம் பேசறோம். சர்வர் நின்னதால செத்துப் போன சுவிட்சுக்கு எந்த ஸ்பேர் பார்ட்டும் உதவாது. அதையும் அந்தப் பேச்சுல சேர்க்கணும்.

இதை எல்லாம் நம்ம பத்திரிகையில எழுதறதுக்குக் காரணம், அந்த மெயிலை நாளைக்கு எழுதப் போறது நாமதான். நம்ம பேட்ச்ல எத்தனை பேர் எம்பெடட்லயும் கிளவுட்லயும் பிளேஸ் ஆகியிருக்கோம்! நமக்குக் கொடுக்கற டிசைன்ல சென்சாரும் லைட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், நடுவுல ஒரு சர்வரைப் போடச் சொல்லுவாங்க. அது ஈஸி, டேட்டாவும் கிடைக்கும், சந்தாவும் கிடைக்கும். அப்போ ஒருத்தராவது மீட்டிங்ல "நெட் இல்லாட்டி என்ன ஆகும்?"னு கேட்கணும். கேட்டுப் பழக இங்க ஆரம்பிக்கலாம். ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிப்போர்ட்ல "எதிர்கால மேம்பாடு"ன்னு யாரும் படிக்காத ஒரு பக்கம் எழுதறோம். அதோட "வைஃபை இல்லாதப்போ இந்த பிராஜெக்ட்"னு ஒரு பக்கம் எழுதுவோம். ரிவ்யூல ரௌட்டரை அணைச்சுக் காட்டுவோம். எனக்கு நடந்த ரிவ்யூ எதுலயும் யாரும் இதைக் கேட்கல. நானும் சொல்லல.

போன வாரம் வீட்டுல கடைசி சோதனை பண்ணோம். நான் மாடியில உட்கார்ந்துக்கிட்டேன், கீழ வரக்கூடாதுன்னு ரூல். அம்மா ரௌட்டரை அணைச்சாங்க, பையையும் அணைச்சாங்க. ஒவ்வொரு ரூமா போய் சுவிட்சைத் தட்டினாங்க. எல்லாம் எரிஞ்சுது. பீரோ கதவு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கேன், தமிழ்ல, எந்த மாட்யூல் கெட்டா எந்த ஒயரை எலக்ட்ரீஷியன் அண்ணன் கழட்டணும்னு. அவரோட நம்பரும் அதுல இருக்கு.

ராத்திரி பாட்டி நடையில போயிட்டு வந்தாங்க. "புது லைட்டு எப்படி இருக்கு பாட்டி?"ன்னு கேட்டேன்.

"மாத்தினீங்களா என்ன?"ன்னாங்க.